கோவெப்: பல்கலைக்கழக வகுப்பில் ஒரு விக்கிச் சோதனை

கோவெப் என்பது ஒரு வகுப்பின் மாணவர்களும் ஆசிரியரும் ஒரே இணையப் பக்கத்தைச் சேர்ந்து எழுதவும் திருத்தவும் உதவிய விக்கி வகை மென்பொருள் ஆகும். ஸ்விக்கி என்ற பெயரும் இதற்கு உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் 1990களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்டு, 2011 வரை அங்கே பயன்பட்டது. பல்கலைக்கழகக் கற்பித்தலில் இணையவழிக் கூட்டுச்செயற் கருவிகளைச் சோதித்துப் பார்த்த முயற்சிகள் பல உண்டு. அவற்றுள் இது தனித்து நிற்பதற்குக் காரணம், இதை உருவாக்கியவர்கள் கருவி வெற்றி பெற்ற வகுப்புகளோடு அது தோற்ற வகுப்புகளைப் பற்றியும் ஆராய்ந்து எழுதி வெளியிட்டதுதான். ஒரே வளாகம், ஒரே மென்பொருள். கட்டடக்கலை மாணவர்களிடம் அது செழித்தது. கணித மாணவர்களிடம் பட்டுப்போனது.

தோற்றம்

முதல் விக்கித் தளத்தை அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் மாதத்தில் தொடங்கினார். விக்கி என்ற சொல் ஹவாய் மொழியில் விரைவு எனப் பொருள்படும். யார் வேண்டுமானாலும் உலாவியிலிருந்தே பக்கத்தைத் திருத்தலாம் என்பது அதன் அடிப்படை. விக்கிப்பீடியா பிறந்தது 2001இல்தான். ஆகவே ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் கணினியியல் பேராசிரியர் மார்க் கஸ்டியலும் அவருடைய மாணவர்களும் வகுப்புக்கென ஒரு விக்கியை அமைத்தபோது, அச்சொல்லையே பெரும்பாலான ஆசிரியர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை.

அவர்கள் அதை ஸ்குவீக் என்ற நிரல்மொழியில் எழுதினார்கள். ஸ்குவீக், ஆப்பிள் நிறுவனத்தில் ஆலன் கே குழுவினர் 1996இல் வெளியிட்ட ஸ்மால்டாக் மொழியின் ஒரு வடிவம். ஸ்குவீக்கும் விக்கியும் இணைந்து ஸ்விக்கி ஆயிற்று. ஒரு சாதாரண மேசைக்கணினியையே வழங்கியாக வைத்து இதை நடத்த முடிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் தொகுக்கும் பொத்தான் இருக்கும். இரண்டு உடுக்குறிகளுக்கு நடுவே ஒரு தலைப்பை எழுதினால் அத்தலைப்பில் புதிய பக்கம் ஒன்று பிறக்கும். யாரேனும் தவறாக அழித்துவிட்டால் பழைய வடிவத்தை மீட்டெடுக்கலாம்.

கலந்துரையாடல் பலகைகளில் யார் தொடங்க வேண்டும், மற்றவர்கள் எங்கே பதிலிட வேண்டும் என்ற ஒழுங்கு மென்பொருளிலேயே கட்டப்பட்டிருக்கும். கோவெப்பில் அப்படி எதுவும் இல்லை. வெறும் பக்கம்தான். அதில் என்ன செய்வது என்பதை ஆசிரியரே முடிவு செய்ய வேண்டும். இது குறைபாடு போலத் தோன்றலாம். ஆனால் ஆசிரியர்கள் அந்த வெற்றிடத்தை நிரப்பிய விதம் உருவாக்கியவர்களே எதிர்பாராதது. அப்பயன்பாடுகளைத் தொகுத்து 2000இல் ஒரு பட்டியலாகவே அவர்கள் வெளியிட்டார்கள்.

செழித்த வகுப்புகள்

ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி வகுப்பில் பாடப்பகுதி ஒன்றைப் பக்கத்தில் இட்டார்கள். மாணவர் தமக்குப் பிடிபட்ட சொல்லையோ வரியையோ மீயிணைப்பாக்கி, அதற்கான தம் விளக்கத்தைத் தனிப் பக்கமாக எழுதினார். இன்னொருவர் அவ்விளக்கத்தின்மேல் மேலும் எழுதினார். மூலப் பாடத்தைச் சுற்றி ஓர் உரைநூல் வளர்வது போல அது வளர்ந்தது. நூலும் உரையும் உரைக்கு மேல் குறிப்புமாகப் படித்துப் பழகிய தமிழ் மரபினருக்கு இது எளிதில் விளங்கும். இவ்வகுப்பையும், வழக்கமான கலந்துரையாடல் கருவியைப் பயன்படுத்திய மற்றொரு பிரிவையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது கோவெப் பிரிவின் நிலையே மேலாக இருந்தது.

கட்டடக்கலை மாணவர்கள் தங்கள் வரைபடங்களைப் பக்கத்தில் ஏற்றினார்கள். வகுப்புத் தோழர்கள் மட்டுமின்றி, வெளியே தொழில் செய்யும் வல்லுநர்களும் அழைக்கப்பட்டு அவற்றின் கீழே கருத்து எழுதினார்கள். இத்துறையில் இந்த வெற்றி வியப்புக்குரியதன்று. வரைந்ததைச் சுவரில் குத்தி வைத்து, அதன் முன்னே நின்று பிறர் குறை சொல்வதைக் கேட்பது கட்டடக்கலைக் கல்வியில் நெடுங்கால வழக்கம். சுவர் திரையாக மாறியது, அவ்வளவுதான்.

கணினியியல் வகுப்பில் தேர்வுக்கு முன்னர் ஆசிரியர் மாதிரி வினாக்களை இடுவார். விடைகளை அவர் எழுதமாட்டார். மாணவர்கள் விடை எழுதுவார்கள், ஒருவர் விடையை மற்றவர் திருத்துவார்கள். எல்லாரும் தவறான பாதையில் போகும்போது மட்டும் ஆசிரியர் இடையிட்டு ஒரு வரி எழுதுவார்.

பட்டுப்போன வகுப்புகள்

இந்த அனுபவத்தை நம்பி, வேதிப் பொறியியல், கணிதம் முதலிய துறைகளுக்கும் கோவெப் கொண்டு செல்லப்பட்டது. அத்துறைப் பேராசிரியர்களும் ஆர்வத்தோடுதான் சேர்ந்தார்கள். பக்கங்கள் திறந்து வைக்கப்பட்டன. மாணவர்கள் வரவில்லை. வந்தவர்களும் படித்துவிட்டுப் போனார்களே தவிர எழுதவில்லை. இணையத்தில் கூடிச் செய்யவேண்டிய பணியைக் கட்டாயமாக்கி மதிப்பெண் வைத்தபோதும் நிலைமை மாறவில்லை. பிறரோடு சேர்ந்து எழுதுவதைவிட அப்பணிக்குச் சுழியம் வாங்குவதே மேல் என்று இருந்துவிட்ட மாணவர்களும் இருந்தார்கள்.

சோம்பல் என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்துக்குள் நுழைவதே கடினம். இவர்கள் கடுமையாக உழைக்கும் மாணவர்கள். தங்களுக்கு நட்டம் என்று தெரிந்தே ஒரு பணியை அவர்கள் ஏன் புறக்கணித்தார்கள் என்பதைக் கஸ்டியலும் உடன் ஆய்வாளர்களும் 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் ஆராய்ந்தார்கள்.

அவர்கள் கண்ட முதல் காரணம் போட்டி. அவ்வகுப்புகளில் ஒப்பீட்டு மதிப்பீட்டு முறை இருந்தது. இருப்பதாக மாணவர்கள் நம்பவும் செய்தார்கள். இம்முறையில் ஒருவர் பெறும் தரநிலை அவருடைய மதிப்பெண்ணை மட்டும் பொறுத்ததன்று, வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு பெற்றார்கள் என்பதையும் பொறுத்தது. இந்தியாவின் ஐ.ஐ.டி.களிலும் இத்தகைய முறை உண்டு. எடுத்துக்காட்டாக, வகுப்பின் முதல் பத்துப் பேருக்கே மிக உயர்ந்த தரநிலை என்று வைத்துக்கொள்வோம். பதினோராவது இடத்திலிருப்பவருக்குப் பத்தாவது மாணவர் ஒரு சூத்திரத்தை விளக்கிச் சொன்னால், அவர் தம் இடத்தைத் தாமே பறிகொடுக்கிறார். அப்படிப்பட்ட வகுப்பில் "சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பது, ஓட்டப்பந்தயத்தின் நடுவில் பக்கத்துத் தடத்துக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். மாணவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள், சரியாகவே கணக்கிட்டார்கள்.

இரண்டாவது காரணம் வினாவின் தன்மை. ஒரு பாடப்பகுதிக்கு முப்பது மாணவர்கள் முப்பது விளக்கம் எழுதலாம். ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு விடை ஒன்றுதான். முதலில் வந்தவர் அதை எழுதிவிட்டால் இரண்டாமவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? மேலும், முதலாமவர் எழுதியதைப் பார்த்துத் திருத்தி எழுதினால் அது கூட்டுக் கற்றலா, பார்த்து எழுதுதலா என்ற ஐயம் மாணவருக்கும் இருந்தது, ஆசிரியருக்கும் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் "பக்கத்தில் பார்க்காதே" என்று சொல்லி வளர்த்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஒரே நாளில் பார் என்றால் பார்வை எளிதில் திரும்பாது.

மூன்றாவது காரணம் கூச்சம். தமக்கு மட்டுமே புரியவில்லை என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தம் விடை தவறாகத்தான் இருக்கும், அதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஏன் எழுத வேண்டும் என்று பலர் கருதினார்கள். இதில் ஒரு சுழற்சி இருக்கிறது. யாரும் கேட்காததால், யாருக்கும் ஐயமில்லை என்ற தோற்றம் உண்டாகிறது. அத்தோற்றம் அடுத்தவரின் வாயையும் அடைக்கிறது. வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டு, அமைதியை ஆம் என்று எடுத்துக்கொண்ட எந்த ஆசிரியருக்கும் இது தெரிந்த கதைதான்.

ஆசிரியர்களின் பங்கும் இதில் உண்டு. பக்கத்தைத் திறந்து வைத்த பேராசிரியர்கள் சிலர் பிறகு அங்கே அரிதாகவே வந்தார்கள். ஆசிரியர் வராத பக்கத்துக்கு மாணவர் வருவதில்லை. செழித்த வகுப்புகளில் ஆசிரியர் பேச்சைக் குறைத்திருந்தாரே தவிர, அங்கிருந்து போய்விடவில்லை.

பதிலிட்ட பின் பார்த்தல்

பார்த்து எழுதுவது பற்றிய ஐயத்துக்கு ஒரு மருந்து கோவெப்புக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே வேறோர் இடத்தில் சோதிக்கப்பட்டிருந்தது. நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகத்தில் முர்ரே டுராஃப் 1976இல் தொடங்கிய மின்னணுத் தகவல் பரிமாற்ற முறைமை, தொலைபேசிக் கம்பிவழி கணினிகளை இணைத்து எழுத்தில் கலந்துரையாட வழி செய்தது. சமூகவியலாளர் ஸ்டார் ராக்சேன் ஹில்ட்சு அதன்மேல் 1980களின் நடுப்பகுதியில் மெய்நிகர் வகுப்பறை என்ற திட்டத்தை நடத்திப் பார்த்தார். அதில் ஓர் எளிய பூட்டு இருந்தது. ஆசிரியர் வினாவை இடுவார். மாணவர் தம் விடையை எழுதி அனுப்பிய பிறகுதான் மற்றவர்களின் விடைகள் அவருக்குத் திறக்கும். புனைபெயரில் எழுதவும் வசதி இருந்தது.

இந்த இரண்டும் மென்பொருளில் சிறிய விஷயங்கள். ஆனால் முதலாவது பார்த்து எழுதும் ஐயத்தை நீக்குகிறது. இரண்டாவது கூச்சத்தைக் குறைக்கிறது. சொந்தமாக ஒன்றை எழுதிவிட்டுப் பிறரின் விடைகளைப் படிப்பவர், வெறுமனே படிப்பவரைவிடக் கூர்ந்து படிப்பார் என்பதும் கிடைக்கும் ஆதாயம். அத்திட்டத்தின் ஒட்டுமொத்த முடிவுகள் அடக்கமானவை. தேர்வு மதிப்பெண்ணில் சாதாரண வகுப்புக்கும் இணைய வகுப்புக்கும் எங்கும் ஒரே மாதிரியான வேறுபாடு தென்படவில்லை. பிறரோடு சேர்ந்து கற்றதாக உணர்ந்தவர்கள் அதிகம் கற்றதாகவும் உணர்ந்தார்கள். தள்ளிப்போடும் பழக்கமுடையவர்கள் பின்தங்கினார்கள். ஒப்பீட்டு மதிப்பீட்டுக்கு மட்டும் எந்தப் பூட்டும் மருந்தாகாது. அது மென்பொருளில் இல்லை, பல்கலைக்கழகத்தின் விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

வினாவை மாற்றியபோது

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் 1999 முதல் எல்லாத் துறை மாணவர்களும் ஒரு கணினிப் பாடம் படிக்க வேண்டும் என்ற விதி வந்தது. கலை, மேலாண்மை, கட்டடக்கலை மாணவர்களுக்கு அது பெரும் சுமையாக இருந்தது. அவர்களுக்கென்று 2003இல் கஸ்டியல் ஊடகக் கணிமை என்ற பாடத்தை வடிவமைத்தார். நிரல் எழுதிப் படங்களையும் ஒலிகளையும் மாற்றியமைப்பதே அதன் வழி. முதல் பருவத்தில் 121 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் மூன்றில் இருபங்கினர் பெண்கள்.

இங்கும் நிரலாக்கம்தான் கற்பிக்கப்பட்டது. ஆயினும் "இந்தப் படங்களைக் கொண்டு ஓர் ஒட்டுப்படம் செய்க" என்ற பணிக்கு ஒரே விடை கிடையாது. மாணவர்கள் தாங்கள் செய்ததைக் கோவெப்பில் காட்சிக்கு வைத்தார்கள், பிறர் செய்ததைப் பார்த்தார்கள், எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். ஒருவர் படம் நன்றாக இருப்பதால் மற்றவர் படம் கெடுவதில்லை. பொறியியல் வகுப்பில் நின்றுபோன அதே மென்பொருள் இங்கே ஓடியது.

2011

கோவெப்பின் பக்கங்கள் பருவம் முடிந்ததும் மூடப்படவில்லை. முந்தைய ஆண்டு மாணவர்கள் எழுதியவை அடுத்த ஆண்டினருக்குக் கிடைத்தன. தேர்ச்சி பெற்றுப் போனவர்கள் திரும்பி வந்து புதியவர்களின் வினாக்களுக்கு விடை சொன்னதும் உண்டு. ஒரு வகுப்புக்கு நினைவு என்று ஒன்று இருக்குமானால் அது அங்கே சேர்ந்துகொண்டிருந்தது.

அதுவே சிக்கலாகவும் ஆயிற்று. அமெரிக்காவில் மாணவரின் கல்விப் பதிவுகளைக் காக்கும் சட்டம் ஒன்று 1974 முதல் நடப்பில் உள்ளது. ஒரு மாணவர் இன்ன பாடத்தில் சேர்ந்திருக்கிறார் என்பதே ஒரு கல்விப் பதிவு. வகுப்பு விக்கியில் அவர் பெயர் இருந்தால் அது வெளியாருக்குத் தெரிந்துவிடுகிறது என்று பல்கலைக்கழக நிருவாகம் அச்சட்டத்துக்குப் பொருள் கொண்டது. மாணவர்களின் தனியுரிமை காக்கப்பட வேண்டியதுதான். பதினெட்டு வயதில் எழுதிய தவறான விடை பத்தாண்டுகள் கழித்தும் பெயரோடு இணையத்தில் கிடப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் பக்கங்களைக் காப்பது இயலாத காரியமாக இருந்திருக்காது என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் 2011 நவம்பரில் அந்தப் பக்கங்கள் நீக்கப்பட்டன. பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த மாணவர் எழுத்து அவற்றோடு மறைந்தது.

இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இணையவழிப் பாடங்கள் மூடில் போன்ற கற்றல் மேலாண்மை மென்பொருள்களுக்குள் நடைபெறுகின்றன. கடவுச்சொல் இருப்பவர் மட்டுமே நுழையலாம். பருவம் முடிந்ததும் வகுப்பு பெரும்பாலும் மூடப்படும். அடுத்த பருவத்தின் மாணவர் புதிய, வெறுமையான பக்கத்திலிருந்து தொடங்குவார்.