ஓடம் சுமக்கும் பாதை

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பது நம் முன்னோர் வாக்கு. வண்டியே செல்லாத காட்டில் ஓடம் எதில் ஏறும்? மனிதனின் தலையில் ஏறும்! ஒகேனக்கல் சென்று வந்த நண்பர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பர். நீரோட்டத்தோடு நம்மை இறக்கிக் கொண்டுவரும் பரிசல்காரர், திரும்பும்போது பரிசலைக் குடைபோல் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை வழியே நடந்து செல்வார். இவ்வாறு ஓடத்தையும் உடைமையையும் சுமந்து நடக்கும் வழியை ஆங்கிலேயர் 'போர்ட்டேஜ்' என்பர். நாம் அதனைச் 'சுமைவழி' எனலாம்.

சுமைவழிகள் நிறைந்த கண்டம் வட அமெரிக்கா. அங்குள்ள பழங்குடி மக்கள் பிர்ச் என்னும் மரத்தின் பட்டையால் ஓடம் செய்தனர். நீரில் மிதக்கவும் வேண்டும், தோளில் தூக்கவும் இயல வேண்டும் என்பதால் அதனை எடை குறைவாக அமைத்தனர். பின்னர் மென்மயிர்த் தோல் வாணிகம் இந்த ஓடங்களின் மீதே நடந்தது. சுப்பீரியர் ஏரியின் கரையில் 'கிராண்ட் போர்ட்டேஜ்' என்னும் சுமைவழி இன்றும் உள்ளது. பிஜன் ஆற்றின் அருவிகளைச் சுற்றிச் செல்லும் அதன் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஒவ்வோர் ஆளும் 40 கிலோ அளவுள்ள மூட்டைகள் இரண்டை ஒருசேரச் சுமந்து அதனைக் கடப்பது அக்கால வழக்கம். இன்று மினசோட்டா மாநிலத்தின் 'பவுண்டரி வாட்டர்ஸ்' காட்டில் மக்கள் இன்பத்திற்காகவே இவ்வாறு பயணம் செய்கின்றனர். அங்குச் சுமைவழியை அளக்கும் அலகு 'ராடு'. ஒரு ராடு என்பது 16½ அடி. அதாவது ஏறத்தாழ ஓர் ஓடத்தின் நீளம்!

ஓடத்தைத் தலைமேல் கவிழ்த்தவனுக்கு முன்னே சில அடி நிலமே தெரியும். ஒரு வேர் தடுக்கினாலும் போதும், கால் முறியலாம். ஆகவே சுமைவழியின் நிலை எப்படி என்பதே பயணியின் முதற் கேள்வி.

நல்ல பாதை கெடுவது எங்ஙனம்? காட்டு மண் பஞ்சு போன்றது. அதன் நுண்துளைகள் மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். பலர் கால்பட மிதிக்கும்போது அத்துளைகள் அடைபட்டு மண் இறுகுகிறது. உட்புக வழியின்றி நீர் பாதையின் மீதே ஓடுகிறது. சரிவு மிகுந்தால் வேகம் மிகும். வேகம் மிகுந்தால் மண் அரிக்கும். நாளடைவில் பாதை வாய்க்காலாகி, வேர்களும் கற்களும் வெளியே தலைநீட்டும். சமநிலத்திலோ நீர் தேங்கிச் சேறாகிறது. சேற்றுக்கு அஞ்சி நாம் ஓரமாக ஒதுங்கி நடக்க, அவ்வோரமும் சேறாகிப் பாதை அகலுகிறது. இதற்கு மருந்து எளியது. பாதையின் குறுக்கே சாய்வாக ஒரு மரத்துண்டையோ கல்வரிசையையோ பதித்தால் நீர் பக்கவாட்டில் வழிந்துவிடும். செங்குத்தான இடத்தில் படி, சதுப்பில் பலகை. ஆனால் ஆண்டுதோறும் கை வைத்துப் பழுதுபார்க்க ஆள் வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். என் ஊர் கோவிந்தாபுரம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுச் சிற்றூர். எங்கள் மலைகளுக்கு அப்பால் பரம்பிக்குளம் இருக்கிறது. அதன் நீர் சாலக்குடி ஆற்றில் கலந்து அதிரப்பள்ளியில் அருவியாய் வீழ்கிறது. அக்காட்டுத் தேக்கை வெளியே கொண்டுவரக் கொச்சி அரசு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீள டிராம் பாதையை அமைத்தது. மரம் ஏற்றிய வண்டி சரிவில் இறங்கும்போது, அதன் எடையே வடத்தின் மறுமுனையிலுள்ள வெற்று வண்டியை மேலே இழுக்கும். இதுவும் ஒரு சுமைவழியன்றோ! 1907 முதல் இயங்கிய அது பின்னர் மூடப்பட்டது. பராமரிக்கும் கை நின்றதும் காடு அதனை மூடிக்கொண்டது.

இன்று பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்தில் பயணிகள் மூங்கில் தெப்பத்தில் மகிழ்ந்து செல்கின்றனர். வண்டியில் அங்குச் செல்வோர் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகவே சுற்றிச் செல்ல வேண்டும். அம்மலையில் உள்ள தேக்கடிக் குடியிருப்பின் மக்களுக்கு எங்கள் ஊரை அடுத்த செம்மணாம்பதிக்கு இறங்கக் காட்டுப் பாதை ஒன்று உண்டு. (இடுக்கித் தேக்கடி வேறு.) தலைச்சுமையோடு அவர்கள் இறங்கி வருவதைச் சிறு வயதில் கண்டிருக்கிறேன். 2020-இல் கொள்ளைநோயால் மாநில எல்லை அடைபட்டபோது சுற்றுவழியும் அடைபட்டது. அவ்வாண்டு அம்மக்கள் தாமே கருவியெடுத்து அப்பாதையைச் சீராக்க முற்பட்டனர். பாதையில்லா மலையூரில் நோயாளியையும் தொட்டில் கட்டித் தோளில்தான் சுமக்க வேண்டும். பயணிக்கு ஒருநாள் இன்பமாக இருப்பது அவர்களுக்கு உயிர்வழி.

விடுமுறையில் மலையேறப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழியில் சேறு கண்டால் ஒதுங்காதீர், நடுவிலேயே நடங்கள். வளைவில் குறுக்கே இறங்காதீர். நீர் திருப்பப் பதித்த கல் புரண்டிருந்தால் எடுத்து நிறுத்துங்கள். நமக்குப் பின்னால் சுமையோடு ஒருவர் வருவார்.