கேள்வி கேட்கும் நோட்டு

மென்பொருள் அலுவலகங்களின் அரட்டைக் குழுக்களில் அடிக்கடி வந்து விழும் ஒரு கேள்வி: “அந்த கர்ல் கமாண்ட் யார்கிட்டயாவது இருக்கா?” யாரோ ஒருவர் முட்டி மோதி அதைக் கண்டுபிடித்து, வேலை முடிந்ததும் டெர்மினலை மூடிவிட்டுப் போயிருப்பார். தேடிப் பிடித்துக் கொடுத்தாலும், அதில் நீண்டு கிடக்கும் சமாசாரங்களில் எது அவசியம், எது சும்மா சோதித்துப் பார்க்கச் சேர்த்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

அந்தக் கமாண்ட் கேள்வி அனுப்புவது ஏ.பி.ஐ.க்கு. ஏ.பி.ஐ. என்றதுமே ஹோட்டல் சர்வர் உதாரணத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. ஒரு புரோகிராம் இணையம் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கேள்வி (ரிக்வெஸ்ட்) அனுப்புகிறது, பதில் வருகிறது. பெரும்பாலும் இரண்டுமே நாம் படிக்கக்கூடிய எழுத்துகள்தாம். அப்படியானால் அவற்றை எழுதவும் அனுப்பவும் பாதுகாக்கவும் கம்ப்யூட்டரில் நாம் குறிப்பெழுதும் நோட்டைவிட ஏற்ற இடம் எது?

இந்த எண்ணம் பரவலாக வெகுகாலம் ஆனது. டெர்மினலிலிருந்து கேள்வி அனுப்பும் கர்ல் பிறந்ததே ஒரு சின்னத் தேவையால்தான். 1996இல் ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க், இணைய அரட்டையில் நாணய மாற்று விகிதம் சொல்லும் பாட் ஒன்றுக்கு விகிதங்களை எடுத்துவர ஒரு குட்டி புரோகிராமைத் தேடினார். பிரேசில்காரர் ஒருவர் எழுதியிருந்ததை எடுத்து வளர்த்தார். 1998இல் அதற்கு கர்ல் என்ற பெயர் வந்தது. கமாண்டைத் தட்டத் தயங்கியவர்களுக்காக 2012இல் பெங்களூரிலிருந்து அபினவ் அஸ்தானாவின் போஸ்ட்மேன் வந்தது, முதலில் குரோம் பிரவுசரின் துணைக்கருவியாக. பெட்டிகளை நிரப்பு, பட்டனை அமுக்கு, அவ்வளவுதான். உலகமே அதற்கு மாறியது.

2023இல் காற்று கொஞ்சம் திரும்பியது. லாகின் செய்யாமலே வேலை பார்க்க உதவிய ‘ஸ்க்ராட்ச் பேட்’ வசதியை நிறுத்துவதாக போஸ்ட்மேன் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதே வகைக் கருவியான இன்சோம்னியாவின் 8ஆம் பதிப்பும் கணக்கு தொடங்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, சொந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கும் வழியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரிக்வெஸ்டுகளைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாக நம்மிடமே வைக்கும் புரூனோ போன்ற கருவிகளின் பக்கம் பலர் நகர்ந்தார்கள். இன்னும் சிலர், கருவியே எதற்கு, குறிப்பெழுதும் செயலி போதுமே என்றார்கள்.

அவர்கள் சொன்னது புதிதல்ல. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், தன் குறிப்புகளையும் வேலைப் பட்டியலையும் ஒழுங்குபடுத்த 2003இல் இமாக்ஸ் எடிட்டருக்குள் ஆர்க் மோடை எழுதினார். பின்னால் அதில் சேர்ந்த பேபல் என்ற பகுதி, குறிப்புக்கு நடுவே இருக்கும் கட்டளையை அங்கேயே ஓட்டும். கர்சரை அதன்மேல் வைத்து கன்ட்ரோல்-சியை இரண்டு முறை அமுக்கினால், பதில் அதற்குக் கீழேயே வந்து உட்காரும். அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியின் பிரியர்களுக்கும் இதே வேலைக்குப் பிளக்-இன்கள் உண்டு.

தமிழ் விக்கிப்பீடியாவின் ஏ.பி.ஐ.யை எடுத்துக்கொள்வோம். அதைத் திறக்க ரகசியச் சாவி வேண்டாம், காசு வேண்டாம். யார் கேட்கிறார்கள் என்ற அடையாளத்தை மட்டும் ரிக்வெஸ்டில் சேர்க்கச் சொல்கிறார்கள். ‘தமிழ்’ என்ற கட்டுரையின் முன்னுரையைக் கேட்டுப் பார்க்கலாம். முதல் முட்டுக்கட்டை முகவரியிலேயே. நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகும். ஆக, ‘தமிழ்’ 45 எழுத்து நீளம்! கையால் எழுதுகிற காரியமல்ல. முகவரிக்கேற்ப மாற்றும் வேலையை கர்லிடமே விட்டுவிட ஒரு தெரிவு இருக்கிறது. அதை ஏன் சேர்த்தோம் என்று நோட்டில் ஒரு வரி எழுதி வைத்தால், அடுத்து வருகிறவர் அதை அழித்துவிட்டு முழிக்க மாட்டார்.

பதில் வந்தால் அடுத்த அதிர்ச்சி: தமிழே காணோம். ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாகப் பின்சாய்கோடும் யூ எழுத்தும் நான்கிலக்கக் குறியீடும் வரிசையாக நிற்கும். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று முதல்முறை பார்ப்பவர் நினைப்பார். ஒன்றும் கெடவில்லை, விக்கியின் பழைய பதில் வடிவம் அப்படித்தான். வடிவத்தின் பதிப்பு எண்ணாக 2 என்று கேட்டால் தமிழ் தமிழாகவே வரும். இந்த இரண்டு பதில்களும் நோட்டில் மேலும் கீழுமாக, நடுவே ஒரு வரி விளக்கத்தோடு இருந்தால் வேறு பாடம் எதற்கு? போஸ்ட்மேனிலும் விளக்கம் எழுதப் பெட்டி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே ரிக்வெஸ்ட்தான் எஜமான். விளக்கம் ஓர் ஓரத்தில். நோட்டில் எழுத்து முதலில், ரிக்வெஸ்ட் அதற்கு நடுவில். சந்தேகம், முயற்சி, முடிவு மூன்றும் நடந்த வரிசையிலேயே கிடக்கும். எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

ஆர்க் மோடுக்கான வெர்ப் என்ற பொதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. தலைப்பில் சர்வரின் முகவரியை ஒருமுறை எழுதினால், அதன் உட்தலைப்புகள் எல்லாம் அதைத் தாமாக எடுத்துக்கொள்ளும். சர்வர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

தொல்லைகளும் உண்டு. பதிலுக்குப் பக்கத்தில் தேதி போடாவிட்டால், சென்ற வருடப் பதிலை இன்றைய பதிலென்று நம்பிவிடுவோம். பெரிய குழுக்கள் பகிர்ந்து வேலை செய்யவும், நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தானாக ஓட்டவும் தனிக் கருவிகளே மேல். அதில் வாதத்துக்கு இடமில்லை.

ஆபத்தான விஷயம் சாவிகள். நோட்டு போனுக்குப் போகும், கிளவுடுக்குப் போகும், கிட் களஞ்சியத்துக்கும் போகும். ரகசிய டோக்கனை அதில் ஒட்டினால் அதுவும் கூடவே ஊர் சுற்றும். இமாக்ஸ்காரர்கள் சாவிகளைப் பூட்டிய தனி ஃபைலில் வைத்து, நோட்டிலிருந்து பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். பலரும் கவனிக்கத் தவறுவது பதிலைத்தான். லாகின் ஏ.பி.ஐ.யைச் சோதித்தால், கேள்வியில் எவ்வளவு மறைத்தாலும், சர்வர் தரும் புத்தம் புது டோக்கன் பதிலாக நோட்டில் பளிச்சென்று பதிந்துவிடும். அந்த ரிக்வெஸ்டுக்கு மட்டும் பதிலைச் சேமிக்காதே என்று சொல்லிவைக்க வேண்டும். ஆர்க் மோடில் அதற்கு வழி இருக்கிறது.

இன்னொன்று, கெட் வகை ரிக்வெஸ்ட் தகவலைக் கேட்பதற்கானது. பத்து முறை ஓட்டினாலும் பொதுவாகப் பாதகமில்லை. புதிதாகப் பதியும் போஸ்ட் இரண்டு முறை ஓடினால் ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகலாம். இருப்பதை அழிக்கும் டெலீட் பற்றிச் சொல்லவே வேண்டாம். எதையும் ஓட்டும் முன் ‘ஓட்டலாமா?’ என்று ஆர்க் மோட் கேட்கும். எரிச்சல்பட்டு அதை அணைத்து வைப்பவர்கள் அதிகம். வெறும் கெட் மட்டும் உள்ள நோட்டில் அணைத்துக்கொள்ளலாம். டெலீட் இருக்கும் நோட்டிலும், பிறர் அனுப்பிய நோட்டிலும் அந்தக் கேள்வி இருக்கட்டும்.