வெளிநாட்டு வாய்ப்பும் விழிப்பும்

1816 இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் கல்விப் பணியின் அடையாளமாக, உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரி தன் பெயரிலேயே அவ்வரலாற்றைத் தாங்கி நிற்கின்றது. அன்று கல்வி கடல் கடந்து இங்கு வந்தது. இன்று எமது பிள்ளைகள் கல்விக்காகக் கடல் கடக்க விழைகின்றனர். இவ்விருப்பம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் மாணவர் பரிமாற்றம், கல்விச் சுற்றுலா, தலைமைத்துவ மாநாடு என்னும் பெயர்களில் வரும் அழைப்புகள் யாவும் ஒரே தரத்தினவல்ல.

முதலில் ஆராய வேண்டியது, செலவை யார் ஏற்கின்றனர் என்பதாகும். இலங்கையில் 1952 முதல் நடைபெறும் புல்பிரைட் திட்டமும், பிரித்தானிய அரசு 1983 இல் ஆரம்பித்த செவ்னிங் திட்டமும் பட்டப்பின் படிப்புக்கு உதவுகின்றன. துருக்கி அரசின் புலமைப்பரிசில் உயர்தரம் முடித்தோருக்கும் உண்டு. செவ்னிங்குக்கோ துருக்கிப் புலமைப்பரிசிலுக்கோ விண்ணப்பிக்க ஒரு சதமேனும் அறவிடப்படுவதில்லை, இடைத்தரகரும் தேவையில்லை. மாறாக, பரீட்சையோ நேர்முகமோ இன்றித் "தெரிவாகிவிட்டீர்கள்" எனக் கடிதம் அனுப்பி முற்பணம் கோருவது புலமைப்பரிசில் அன்று, வியாபாரம்.

அடுத்தது, கற்றபின் என்ன என்பதாகும். செவ்னிங் பெற்றோர் நாடு திரும்பி இரு ஆண்டுகளேனும் தங்க வேண்டும். புல்பிரைட் மாணவருக்கும் இத்தகைய ஈராண்டு நிபந்தனை உண்டு. இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, உறுப்புரிமையற்ற நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்காக 1983 இல் ஆரம்பித்த திட்டம் இதனினும் சிந்தனைக்குரியது. பயின்றோர் தொழில் பெற்றபின் வட்டியின்றித் திருப்பிச் செலுத்தும் பணம் அச்சமூகத்தின் அடுத்த மாணவருக்குப் பயன்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். பெற்றதைத் திருப்பித் தருவதே பரிமாற்றம். வெளியேறுவதற்கான வழியை மட்டும் காட்டுவது அப்பெயருக்கு உரியதன்று.

மூன்றாவது, பெறப்போகும் பட்டம் இங்கு செல்லுபடியாகுமா என்பதாகும். காணியை ஈடு வைப்பதற்கும் நகையை அடகு வைப்பதற்கும் முன்னரே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் இதனை உறுதிப்படுத்திக் கொள்ளல் வேண்டும்.

இதில் பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் கடமையுண்டு. புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்கள், கட்டடங்களுக்கு உதவுவதோடு, அழைப்பு அனுப்பிய நிறுவனம் உண்மையில் இயங்குகின்றதா என நேரில் விசாரித்துக் கூறுவார்களாயின், பல குடும்பங்கள் கடனிலிருந்து தப்பும். ஆசை காட்டுவோர் பலர் உள்ள இக்காலத்தில், விசாரித்துச் சொல்ல ஒருவரேனும் இருப்பது பேருதவியாகும்.