சீட் காலியாகத் தெரிகிறது, மைலுக்குக் கிடைக்கவில்லையே, ஏன்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் விரைவில் கற்றுக்கொள்ளும் வேலை டிக்கெட் புக்கிங். ரயில், பஸ் என்று ஆரம்பித்து விமானத்துக்கு வரும்போது பலரும் ஓரிடத்தில் திணறிப் போகிறார்கள். ரிவார்டு பாயின்ட் அல்லது மைல் கொடுத்து வாங்கும் பிசினஸ் கிளாஸ் சீட்தான் அந்த இடம். எங்கள் வீட்டில் நடந்ததையே உதாரணமாக வைத்து விளக்குகிறேன்.

சோமனூரில் என் மாமா விசைத்தறி வைத்திருக்கிறார். தறி உதிரி பாகம் முதல் வீட்டு மளிகை வரை எல்லாம் கிரெடிட் கார்டில்தான் வாங்குவார். பல வருடம் சேர்ந்த பாயின்ட் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. மெல்போர்னில் இருக்கும் சித்தியைப் பார்க்க அமுச்சிக்கு ஆசை. வயது 74, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர். மணிக்கணக்கில் காலை மடக்கி உட்கார முடியாது. படுத்தபடி போகும் பிசினஸ் கிளாஸ் என்றால்தான் டாக்டர் சம்மதித்தார்.

மாமா ஒரு விமான நிறுவனத்தின் தளத்தில் சீட் படத்தைப் பார்த்தார். பாதிக்கு மேல் காலி. உடனே வங்கித் தளத்துக்குப் போய் அத்தனை பாயின்ட்டையும் அந்த நிறுவனத்தின் மைலாக மாற்றிவிட்டார். பிறகு மைல் கொடுத்து வாங்கும் பக்கத்தில் தேடினால், அந்த வாரம் முழுக்க ஒரு சீட் கூட இல்லை! எனக்குப் போன் வந்தது.

“ஏ மாப்ளே, படத்துல பாதி சீட்டு காலியாத்தான கெடக்குது? அப்புறம் ஏன் இல்லைங்குது?”

கோட்டா கணக்கு

ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கோட்டாவில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்கல் கோட்டாவில் இடம் இருக்கும். வண்டி ஒன்றுதான், பங்கு வேறு வேறு. விமானத்திலும் இதே கதைதான். ஒரே பிசினஸ் கிளாஸை கம்ப்யூட்டர் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து கொடுத்திருக்கிறது. ஜே, சி, டி, இசட் போன்றவை பணத்துக்கு விற்கும் பங்குகள். ஏர் இந்தியா 2014 ஜூலையில் சேர்ந்த ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில், பிசினஸ் கிளாஸின் மைல் பங்குக்கு வழக்கமாக ஐ என்ற எழுத்து. ஜே 9, ஐ 0 என்று கம்ப்யூட்டர் காட்டினால், பணம் கொடுத்தால் 9 சீட், மைலுக்கு ஒன்றுமில்லை என்று பொருள்.

இந்த ஐ-யை நிர்ணயிப்பதும் ஒரு மென்பொருள்தான். பழைய விற்பனைக் கணக்கை வைத்து, இந்த சீட் பணத்துக்கு விற்குமா என்று அது கணிக்கும். விற்காது என்று தோன்றுவதைத்தான் மைலுக்கு விடும். அடிப்படைக் கொள்கை இதுதான்.

இன்னொன்று. சீட் படத்தில் காலியாகத் தெரிவது விற்காத சீட் என்று நினைக்காதீர்கள். டிக்கெட் வாங்கிவிட்டு, சீட் எண்ணைத் தேர்வு செய்யாதவர்களின் இடமும் காலியாகவே தெரியும்.

எப்போது கிடைக்கும்?

பயணத் தேதிக்குச் சுமார் 11 மாதம் முன்பு விற்பனை திறக்கும்போது சில சீட் வரலாம். கடைசி ஓரிரு வாரங்களில், விற்காமல் நிற்பவை வரலாம். பள்ளி விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயங்களில் கிடைப்பது அரிது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவற்றில் சேவர், அட்வான்டேஜ் என்று விலைப்பட்டியலும் உண்டு. சேவருக்கு மைல் குறைவு, சீட்டும் குறைவு.

தேடும் முறை

1. பிரவுசரில் விமான நிறுவனத்தின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். இலவசமாக உறுப்பினராகி லாகின் செய்யுங்கள்.

2. புக்கிங் பகுதியில் மைல் அல்லது பாயின்ட் கொடுத்து வாங்குவதற்கான தேர்வை கிளிக் செய்யுங்கள். பணப் பக்கத்தில் தெரிவதை நம்ப வேண்டாம்.

3. போகவர என்று சேர்த்துத் தேடாமல், ஒரு வழியாகத் தனித்தனியே தேடுங்கள்.

4. கோவையோடு நிறுத்தாமல் சென்னை, பெங்களூரு என்றும் மாற்றிப் பாருங்கள். முன்பு சில்க்ஏர் கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு பிசினஸ் கிளாஸோடு பறந்தது. அந்தப் பாதை பிறகு ஸ்கூட் வசம் போனது.

5. தேதி, ஊர், மைல், வரி என நான்கு பத்தியில் எக்செல்லில் குறித்துக்கொள்ளுங்கள். மைல் டிக்கெட்டுக்கும் வரி, கட்டணம் பணமாகக் கட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

6. சீட் கண்ணில் பட்ட பிறகுதான் வங்கி பாயின்ட்டை மாற்ற வேண்டும். மாற்றம் முடிய எத்தனை நாள் ஆகும் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை மாற்றினால் பொதுவாகத் திரும்ப வராது.

மைலைப் பல வருடம் பூட்டி வைப்பதும் நல்லதல்ல. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு ஆயுள் 3 வருடம். திட்டங்களே கூட மாறிவிடும். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் உறுப்பினர்கள் புதுத் திட்டத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

ஓர் எச்சரிக்கை. தேடுபொறியில் வரும் கஸ்டமர் கேர் எண்கள் எல்லாம் உண்மையானவை அல்ல. யார் கேட்டாலும் பாஸ்வேர்டோ ஓடிபி-யோ தராதீர்கள்.

அமுச்சி என்ன ஆனார்?

நானும் மாமாவும் மூன்று இரவு உட்கார்ந்து தேடினோம். ஒன்பது நாள் தள்ளி, சென்னையிலிருந்து போவதற்கு ஒரு சீட் மைலில் கிடைத்தது. அமுச்சி படுத்துத் தூங்கியபடியே போய்ச் சேர்ந்தார். திரும்பி வரக் கடைசி வரை கிடைக்கவில்லை. பிசினஸ் கிளாஸைப் பணம் கொடுத்து வாங்க வசதி போதவில்லை. எகானமியில் நடைபாதை ஓர சீட் வாங்கினோம். சென்னையில் வீல்சேரில் வெளியே வந்தபோது இரண்டு காலும் வீங்கியிருந்தன.

பிறகு ஒருநாள் அந்த வங்கியின் பட்டியலை முழுதாகப் படித்தேன். அதே பாயின்ட்டை வேறு மூன்று விமான நிறுவனங்களுக்கும் மாற்றியிருக்கலாம். நாங்கள் மும்முரமாகத் தேடிய அந்த நாட்களில், அவற்றில் ஒன்றின் தளத்தில் போவதற்கும் வருவதற்கும் சீட் இருந்ததை நானே பார்த்திருந்தேன். ஆனால் பாயின்ட்தான் கையை விட்டுப் போயிருந்ததே!

எனவே நினைவில் கொள்ளுங்கள்: முதலில் சீட், பிறகு பாயின்ட்.