சுருள்வில் மட்டும் போதுமா?

முன் ஃபோர்க்கில் மட்டும் சுருள்வில் பொருத்திய மலைச் சைக்கிள்கள் இன்று அறந்தாங்கியிலும் ஓடுகின்றன. பள்ளத்தில் இறங்கி ஏறியதும் கைப்பிடி துள்ளுகிறதே, ஏன்?

வில், மோதலின் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. சக்கரம் தரையைவிட்டு எழும் அக்கணத்தில் முன் பிரேக் பயன் தராது. நல்ல ஃபோர்க்கினுள் எண்ணெய் சிறு துளை வழியே பிதுங்கி, அவ்வாற்றலை வெப்பமாக்குகிறது. பாடநூலில் படித்த தடையுறு அலைவு இதுவே.

ஆகவே குறைந்த செலவில் ஃபோர்க்கை மாற்ற விரும்புவோர், எண்ணெய்த் தடை உண்டா என்றே முதலில் கேட்க வேண்டும். கைப்பிடியை அழுத்தி விடுங்கள். வெடுக்கென்று துள்ளாமல் நிதானமாக எழ வேண்டும். 100 மி.மீ. அமுங்கக்கூடிய ஃபோர்க், நீங்கள் ஏறி அமர்ந்ததும் சுமார் 20 மி.மீ. அமிழ வேண்டும். பழையதைவிட நீளமானது வேண்டாம். சட்டத்தின் முன்பகுதியில் பளு மிகும்.

பணம் போதவில்லையா? டயரில் காற்றைச் சற்றே குறையுங்கள். காற்றும் ஒரு வில்தான்!