மயிலாடிக்காரர் கேட்ட பள்ளி

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வாசலைத் தினமும் கடந்து போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதன் வேர் மயிலாடியில் இருப்பது தெரியும்?

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் சமூகத்தவர். தஞ்சாவூருக்குப் போய், கிறிஸ்தவராகி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். எங்கள் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவர் கேட்டதால்தான், லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1806-ல் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் கோயிலும் பள்ளியும் எழுந்தன. வரலாறு எழுதுபவர்கள் வந்த பாதிரியாரை முதலில் வைக்கிறார்கள். அழைத்தவரை முதலில் வைக்க வேண்டும் என்பது நம் கட்சி.

1818-ல் சார்லஸ் மீட் வந்தபின் மிஷன் நாகர்கோவிலுக்கு மாறியது. அங்கே செமினரி என்ற ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. ராணி கௌரி பார்வதி பாய் கொடுத்த 5,000 ரூபாயில் நெல்வயல் வாங்கி, அதன் வருமானத்தில் பள்ளியை நடத்தினார்கள். நாஞ்சில் நாட்டு வயல்களில் அன்று அடிமைகளாக உழைத்தவர்கள் பறையர், புலையர் மக்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான்.

பிள்ளைகள் விடுதியில் தங்கி ஆங்கிலமும் தமிழும் படித்தார்கள். இங்கிலாந்தில் யாராவது ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அவர் சொன்ன பெயரே அந்தப் பிள்ளைக்கு வைக்கப்பட்டது. இந்த மாவட்டத்துக்கு ஆங்கிலப் பெயர்கள் வந்த வழிகளில் இதுவும் ஒன்று. பெயர் போனாலும் எழுத்து வந்ததே என்பார் உண்டு. இரண்டும் கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

1819-ல் கணவரோடு வந்த மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசில் தம் விடுதலையை விலைக்கு வாங்கிய அடிமைப் பெண்கள் இருந்தார்கள். நம் பெண்கள் படித்த பள்ளிகளில் இதைவிடப் பெரிய தேர்ச்சி எது?

ஆனால் மிஷனுக்கும் ஓர் எல்லை இருந்தது. 1850-களின் தொடக்கத்தில் மீட், பறையர் சமூகத்துப் பெண் ஒருவரை மணந்தார். எதிர்ப்பு கிளம்பியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் மிஷனை விட்டு விலகினார். பாடம் சொல்லிக் கொடுக்கலாம், உறவு மட்டும் கூடாது!

அரசுப் பள்ளிகளோ அதற்குப் பிறகும் நமக்குத் திறக்கவில்லை. 1907-ல் ஆணை வந்தபோதும் ஊர்கள் மறுத்தன. வயலில் இறங்க மாட்டோம் என்று அய்யன்காளி வேலைநிறுத்தம் நடத்த வேண்டியிருந்தது.

இன்று குமரி மாவட்டத்தில் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளுக்குக் குறைவில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை ஏழை, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணம் அரசு பொறுப்பு. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்’ விண்ணப்பிக்கலாம். அதற்கு வருமான வரம்பு இல்லை, சாதிச் சான்றிதழ் போதும்.

இங்கேதான் சிக்கல். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாவட்டத்தில் பெயர்பெற்ற பள்ளிகள் பல கிறிஸ்தவ அமைப்புகளுடையவை. வேதமாணிக்கம் கேட்டு வாங்கிய மரபில் வந்த பள்ளிகளிலேயே அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சட்டப்படி ஓர் இடம் கிடையாது. கட்டாயம் இல்லை என்றால் தாமாகவே கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. பள்ளி நிர்வாகங்களிடம் இதை நாம் கேட்க வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், அந்தப் பள்ளி சிறுபான்மைப் பள்ளியா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.