பதிவு மூப்பும் தேடுசொல்லும்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வந்த கையோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைப்பது தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு சடங்காகவே இருந்தது. வரிசையில் நின்று பதிந்தவருக்கு எக்ஸ்-10 என்ற அடையாள அட்டை கிடைக்கும். அவரைப் பற்றிய எக்ஸ்-1 அட்டை அலுவலகத்திலேயே தங்கிவிடும். அதில் படிப்பு, பதிவு தேதி, கூடவே தேசியத் தொழில் வகைப்பாட்டின்படி ஓர் எண். தட்டச்சருக்கு ஓர் எண், ஆசிரியருக்கு வேறோர் எண். ஆள் கேட்டுக் கடிதம் வந்தால், அந்த எண்ணுக்குரிய அட்டைகளை உருவி, மூப்புப்படி பெயர்களை அனுப்புவார்கள். அன்றைய தேடுசொல் அந்த எண்தான். தேடியவர் எழுத்தர், மனுதாரர் அழைப்புக் ‘கார்டு’ வருமென்று காத்திருந்தார்.

காலியிடங்களை இந்த அலுவலகங்களுக்குத் தெரிவிப்பதை 1959ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. அங்கிருந்து வரும் பெயர்களோடு நிற்காமல் நாளிதழிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. மறு ஆண்டு நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளம் தொடங்கியது. ஒன்றால் மற்றொன்று வரவில்லை என்றாலும், அட்டைப் பெட்டியின் காலம் முடியத் தொடங்கியது ஏறக்குறைய அப்போதுதான்.

இன்று எழுத்தரின் வேலையும் மனுதாரர் தலையில். கோவையில் கணக்கர் வேலை தேடுபவர் ‘அக்கவுண்டன்ட்’ என்று மட்டும் தட்டினால் போதாது. அதே வேலையை ஒரு நிறுவனம் ‘அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்’ என்கிறது, இன்னொன்று ‘ஃபைனான்ஸ் அசோசியேட்’ என்கிறது. ஆகவே கூகுளில் பதவிப் பெயர்களை இரட்டை மேற்கோளில் அடைத்து, நடுவே ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் இடுகிறார்; கணக்கு மென்பொருளான ‘டேலி’, ‘ஜிஎஸ்டி’ ஆகிய சொற்களைச் சேர்க்கிறார்; விற்பனை வேலைகள் வந்து மொய்க்காதிருக்க, ‘சேல்ஸ்’ என்பதற்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி. கழித்தல் குறியை எல்லா வேலைத்தளங்களும் மதிப்பதில்லை என்பது பழகப் பழகத்தான் தெரியும். எதிர்ப்பக்கத்தில் ஆள் எடுப்பவரும் இப்படியே சொற்களைத் தட்டித்தான் சுயவிவரங்களைத் துழாவுகிறார். டேலியில் பல்லாண்டு பழகியவராக இருந்தாலும், அந்தச் சொல் அவருடைய சுயவிவரத்தில் இல்லையென்றால் அந்தத் தேடலில் அவர் அகப்படமாட்டார்.

இணையத்தால் கிடைத்தது பெரிது. நாகர்கோவிலில் இருப்பவருக்கு ஓசூர் வேலை வெளியான அன்றே தெரிகிறது. மாவட்ட எல்லை தடையில்லை. அட்டையை நம்பி நாற்பதைக் கடந்தவர்களை அறிந்த யாரும் பழைய முறைக்கு ஏங்க மாட்டார்கள். ஆனால் அந்த வரிசைக்கு ஒரு முன்னும் பின்னும் இருந்தது. எந்தத் தேதிவரை பதிந்தவர்களுக்கு அழைப்பு என்று நாளிதழில் செய்தி வரும். தன் முறை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணக்குப் போடலாம். இணையத்தில் விண்ணப்பித்தவருக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்குக் கிட்டுவதில்லை.

தேதியின் மதிப்பும் தலைகீழாகிவிட்டது. அன்று பதிவு எவ்வளவு பழையதோ அவ்வளவு பலம். இன்று ஆள் எடுப்பவர் அண்மையில் தளத்துக்கு வந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும். அதனால் காலையில் சுயவிவரத்தைத் திறந்து, ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டுச் சேமிப்பவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் அதைத் திரும்பப் போடுவார்கள். அவர்களிலும் பலர் அரசுப் பதிவைக் கைவிடவில்லை. இப்போது அதையும் இணையத்திலேயே, மூன்றாண்டுக்கு ஒருமுறை, மூப்பு போகாமல் புதுப்பித்துக்கொள்கிறார்கள்.